பதினொன்று இருபதுக்குக் கேட்ட சத்தம்

என் அக்காவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பீப் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், மெஷின் போடும் 'பீப்' சத்தத்தை வைத்து. பெயரை வைத்தது நான் இல்லை. ஆனால் வைத்தபோது சிரித்தவர்களில் என் சிரிப்புதான் பெரியது, அதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையையும் இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேட்டிருந்தால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்காது.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. தியேட்டரில் ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அவளிடம்தான் வரும். கழுவி, துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ட்ரேயில் வரிசையாக அடுக்கி, இரட்டைத் துணியில் மடித்துக் கட்டி, சூடு பட்டால் கறுக்கிற டேப் ஒட்டி, நீராவி மெஷினுக்குள் தள்ளுவாள். அந்தத் துணி என்னிடமிருந்து போகிறது. நான் அடுத்த அறையில், சலவைப் பிரிவில். இரண்டு அறைக்கும் நடுவில் துணி கொடுக்க ஒரு ஜன்னல் உண்டு. அதன் கண்ணாடியை முழுக்கச் சாத்தினால் மறுபடி திறக்காது என்பதால் எப்போதும் நாலு விரல் திறந்தே கிடக்கும்.

மெஷின் இரண்டு. புதியதற்குச் சின்னவர் என்று பெயர், பழையதற்குப் பெரியவர். பெரியவர் சூடாக நேரம் எடுப்பார், நிறையப் பெருமூச்சு விடுவார், எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளே சூடு குறைந்துவிட்டால் மட்டும் மூன்று சுரத்தில் கத்துவார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. டீ, டீ, டூ. சூடு திரும்பி ஏறிவிட்டால் தானாகவே வாயை மூடிக்கொள்வார், சிவப்பு விளக்கும் அணைந்துவிடும். பிறகு நடந்ததற்கு ஒரே சாட்சி, பக்கத்தில் ஓடும் காகிதச் சுருளில் விழும் அச்சுதான்.

அக்காவின் பெண் மேல்படிப்புக்கு வெளியூர் போனபோது தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். தூக்கிப் போடுவதற்கு முன்னால் உள்ளே போட்டோ ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்று அக்கா திறந்தாள். திரை முழுக்க வரிசை வரிசையாகக் கலர் கட்டங்கள். பெண் எழுதி வைத்த பரீட்சை அட்டவணை என்று நினைத்துக்கொண்டு ஒரு கட்டத்தை அமுக்கியிருக்கிறாள். தொம் என்றது. பக்கத்துக் கட்டத்தை அமுக்கினாள். டிங் என்றது. அன்று சாயங்காலம் டீ ஆறிப்போனது. அதற்கு முன்னால் என் அக்கா டீயை ஆறவிட்டு நான் பார்த்ததில்லை.

இப்படித்தான் பிடித்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இடமிருந்து வலமாக ஒரு கோடு நகரும், அது எந்தக் கட்டத்தில் போய் இடிக்கிறதோ அந்தச் சத்தம் வரும், அவ்வளவுதான் அடிப்படை என்று எனக்கும் விளக்கினாள். மூன்றாவது மாதம் அந்த லேப்டாப்பில் இருக்கும் சத்தங்கள் அவளுக்குப் போதவில்லை. வெளியிலிருந்து பிடிக்க ஆரம்பித்தாள். இரும்புக் கிண்ணத்தைத் தட்டி, அதை நாலு மடங்கு மெதுவாக்கி ஒரு பெரிய மணி செய்தாள். டேப் கிழிக்கிற சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தாளம் செய்தாள். ட்ரே வண்டியின் ஒரு சக்கரம் கிரீச்சிடும். அதற்கு எண்ணெய் விட வந்த ஆளைத் திருப்பி அனுப்பியவள் இவள்தான்.

வீட்டில் அவளுடைய ஸ்டூடியோ என்பது துணி தேய்க்கும் மேஜை. அதன் மேல் லேப்டாப், ஒரு சின்னக் கீபோர்டு, ஹெட்போன். எதிரொலி வராமல் இருக்க அலமாரிக் கதவுகளில் போர்வை தொங்கும். ஏழு மணி முதல் எட்டரை வரை அவள் நேரம். பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், குழாய் திறக்கக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே போக வேண்டும். மாமா, அதாவது அவள் புருஷன், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர்கள் தப்பு செய்தால் அமுக்குவதற்கு அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. முப்பது வருஷம் அமுக்கிய கால், வீட்டில் சும்மா இருக்குமா? அக்காவின் பாட்டு வேகம் எடுக்கிற இடத்திலெல்லாம் சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாமாவின் வலது கால் தரையை அழுத்தும். அவர் கால் எங்கே அழுத்துகிறதோ அங்கே வேகம் கொஞ்சம் அதிகம் என்று அக்கா குறித்துக்கொள்வாள்.

என் பங்குக்கு நான் கிண்டல் செய்தேன். "ஃப்ரிட்ஜ் ரிப்பேரான மாதிரி இருக்குக்கா" என்றேன் ஒரு தடவை. "எந்த இடத்துல?" என்று அக்கறையாகக் கேட்டு, அந்த இடத்தைச் சரிசெய்தாள். இப்படிப்பட்டவளைக் கிண்டல் செய்து என்ன பிரயோஜனம்.

ஒன்று மட்டும் அவள் பாட்டுகளில் கிடையாது. குரல். எத்தனையோ சத்தங்களைப் பிடித்து வந்தாள், மனிதக் குரலை மட்டும் தொடவில்லை. ஏன் என்று மாமா கேட்டதற்கு, "எனக்குத்தான் குரலே இல்லையே" என்றாள், கண்ணாடி போட்டவர்கள் கிட்டப்பார்வை என்று சொல்வது போல.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் பாதி நான்தான். அவளுக்குப் பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாட வேண்டும். ஒத்திகையில் டீச்சர் வரிசையாகக் காதைக் கொடுத்துக்கொண்டே வந்து அக்கா முன்னால் நின்று, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் சொன்னது அத்தோடு போயிருக்கும். எட்டு வயதில் இருந்த நான் அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினேன். டீச்சர் மாதிரி ஒரு குரல், அக்கா மாதிரி ஒரு குரல். அக்கா மாதிரி பாடும்போது கூடவே ஒரு தகரத்தைத் தரையில் இழுத்தேன். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. விருந்தாளி வந்தால் எல்லாம் "அதைச் செஞ்சு காட்டு" என்பார்கள், நானும் செய்து காட்டுவேன். அக்கா அதற்குப் பிறகு குளியலறையில்கூடப் பாடி யாரும் கேட்டதில்லை. அவளுடைய பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, தொட்டிலை ஆட்டினாளே தவிர, ஒரு ராகம் இழுத்ததில்லை. இதையெல்லாம் நான் மறந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் மறக்கவில்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் பெரியவர் ஒரு நாள் நிஜமாகவே மக்கர் செய்தார். சூடு நிற்கவில்லை, டீ டீ டூ என்று அரை மணி நேரம் கத்தினார். மெஷினுக்குள் இருந்த அந்த லோடை அப்படியே பிரித்து மறுபடி கட்ட வேண்டி வந்தது. எல்லோருக்கும் எரிச்சல். அக்காவுக்கு மட்டும் அந்த மூன்று சுரம் பிடித்துவிட்டது. பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். சுருதியை அஞ்சு படி கீழே இறக்கி, மெதுவாக்கி, புதுப் பாட்டுக்கு அதையே தலையாக வைத்தாள். நான்கு வாரம் அதே வேலை. தினம் ஒன்றரை மணி நேரம் அந்த மூன்று சுரம் அவள் காதில். பகலில் மெஷின் முன்னால் நிற்கும்போது அது மண்டைக்குள் தானாக ஓடும் என்று அவளே சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் துள்ளித் திரும்ப வேண்டும் என்று பழகிய காது அது. அதை உட்கார வைத்து, இது பாட்டு, பயப்படாதே என்று பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இப்படி ஒரு தப்பை வேறு யாரால் செய்ய முடியும்?

அன்று காலை பெரியவரின் காகிதச் சுருள் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோரில் கேட்டு ஒரு வாரம் ஆகியும் புதுச் சுருள் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆளே சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக் கையால் எழுத வேண்டும் என்பது விதி. அக்கா எழுதினாள். நடுநடுவே, மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேஜையில் அடுத்த ட்ரேக்களைக் கட்டினாள். உள்ளே எலும்பு ஆபரேஷனுக்கான பதினோரு ட்ரே வெந்துகொண்டிருந்தது. சரியாகப் பதினொன்று இருபதுக்கு அவளுக்கு டீ டீ டூ கேட்டது.

பாட்டு என்று நினைத்தாள். கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்தாள். பிறகுதான் திரும்பினாள். சிவப்பு விளக்கு இல்லை, முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பதினொன்று இருபது, சரி என்று எழுதினாள். லோடு முடிந்தது, ஆறியது, பன்னிரண்டேகாலுக்குத் தியேட்டருக்குப் போனது.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாங்கள் டீ குடிக்க உட்கார்ந்தோம். அக்கா பிஸ்கட்டை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏண்டி, பதினொண்ணு இருபதுக்குப் பெரியவர் கத்தினாரா?"

"எனக்கு எங்க கேக்கும்? என் பக்கம் மூணு வாஷிங் மெஷினும் சுத்திக்கிட்டு இருந்துச்சு."

"எனக்குக் கேட்டுச்சு. பாட்டுன்னு நெனச்சு விட்டுட்டேன்." அவள் முகத்தில் ஈயாடவில்லை. "என் பாட்டுல அது கீழ் சுருதி. மெஷின்ல மேல் சுருதி. நான் கேட்டது கீழயா மேலயான்னு இப்ப எவ்வளவு யோசிச்சாலும் தெரியலடி. நான் திரும்பறதுக்குள்ள சூடு எறங்கி ஏறியிருந்தா?"

எனக்கும் பயம்தான். ஆனால் வாய் வேறு சொன்னது. "விடுக்கா. டேப் எல்லாம் கறுத்துத்தானே இருந்துச்சு? யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல."

"டேப்பு லேசா சூடு பட்டாலே கறுத்துடும்" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. அதுதான் சங்கடம். அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த போனை எடுத்துத் தியேட்டரைக் கூப்பிட்டாள். "எலும்பு ட்ரே பதினொண்ணையும் தொடாதீங்க. லோடு சந்தேகம். நான்தான் பேசறேன், என் பேரையே எழுதிக்குங்க."

பத்து ட்ரே அலமாரியில்தான் இருந்தது. ஒன்றைப் பிரித்துவிட்டார்கள். முழங்கால் ஆபரேஷன், பாதி ஆகிவிட்டது. மேஜையில் படுத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர். கருவிகள் வெந்திருக்காவிட்டால் எலும்புக்குள் கிருமி போயிருக்கும். அந்த மனிதர் மறுபடி நடப்பாரா என்பதே கேள்வியாகிவிடும்.

பெரிய சிஸ்டர் வந்தார். கிருமி நீக்கும் பிரிவு, சலவை, தியேட்டர் ஸ்டோர் மூன்றுக்கும் அவர்தான் தலைமை. ஆள் குள்ளம், குரல் மூன்று மாடிக்குக் கேட்கும். அன்று மெதுவாகப் பேசினார், அது எங்களை இன்னும் பயமுறுத்தியது.

"அலாரம் அடிச்சுதா, அடிக்கலையா?"

"தெரியல சிஸ்டர்."

"எழுதி வெச்சிருக்கே, சரின்னு."

"திரும்பிப் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னால அரை நிமிஷம் எனக்குத் தெரியாது."

"உள்ள டாக்டர் வெட்டித் தெறந்து வெச்சுக்கிட்டு நிக்கறாரு. அவருக்கு நான் ஒரு பதில் சொல்லணும். எவ்வளவு நாள் அந்த ஆளைக் கண்காணிக்கணும், என்ன மருந்து போடணும்னு அவர் முடிவு பண்ணணும். உனக்குத் தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

 அக்காவின் கை, மடித்த துணியின் ஓரத்தை மறுபடி மறுபடி நீவிக்கொண்டிருந்தது.  அங்கே நிற்க முடியாமல் என் அறைக்கு வந்து, துணியாவது மடிப்போம் என்று ஜன்னல் பக்கம் போனேன். ஜன்னல் விளிம்பில், மடித்து வைத்த துணிக்குப் பின்னால், அக்காவின் போன் கிடந்தது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்த நேரம் நாலு மணி பத்து நிமிஷம். பேட்டரி ஆறு சதவீதம்.

இதை விளக்க வேண்டும். ட்ரே கட்டும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆனால் பெரியவர் கடைசியில் நீராவியை வெளியே விடுகிற அந்தப் பெருமூச்சு அக்காவின் பாட்டுக்கு வேண்டியிருந்தது. அதனால் வேலைக்கு வந்த உடனே போனைப் பதிவில் போட்டு, ஜன்னல் விளிம்பில் என் பக்கமாக வைத்துவிடுவாள். சட்டப்படி அது சலவை அறை என்று எனக்கு விளக்கம் வேறு சொல்லியிருந்தாள். அன்று பயத்தில் அதை வைத்ததையே மறந்துவிட்டாள்.

நான் போனைச் சார்ஜரில் செருகி எடுத்துக்கொண்டு ஓடினேன். வயரும் கூடவே வந்தது.

"அக்கா, இது இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு."

அக்கா போனைப் பார்த்தாள், பெரிய சிஸ்டரைப் பார்த்தாள். காட்டினால் விதியை மீறியது தெரியும். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "சிஸ்டர், ஜன்னல்ல போன் வெச்சு மெஷின் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கிட்டு இருந்தேன். தப்புதான். அப்புறமா திட்டுங்க. இதுல இருக்கும்."

பெரிய சிஸ்டரின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா ஒன்பது ஐந்துக்குப் பதிவை ஆரம்பித்திருந்தாள். ஆக, பதினொன்று இருபது என்பது இரண்டு மணி பதினைந்தாவது நிமிஷம். ஆனால் சூடு ஏறியதிலிருந்து லோடு முடிகிறவரைக்கும் முழுசாகக் கேட்க வேண்டும் என்றார் சிஸ்டர். கேட்டோம். பெரியவர் சீறுகிறார். டேப் கிழிகிறது. வண்டிச் சக்கரம் கிரீச்சிடுகிறது. என் வாஷிங் மெஷின்கள் உறுமுகின்றன. அதற்கு மேலே, கணீரென்று, என் குரல். துணி எடுக்க வந்த ஆயாவிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "பெரிய சிஸ்டர் நடந்து வந்தா தரையே ஒதுங்கிக்கும். ஆளு இத்தனூண்டு, அதிகாரம் இந்தக் கட்டடம் அளவுக்கு."

நான் தரையைப் பார்த்தேன். தரை ஒதுங்கவில்லை. பெரிய சிஸ்டர் கண்ணைக்கூட அசைக்காமல், "ம், மேல ஓடட்டும்" என்றார்.

இரண்டு மணி பதினைந்து நிமிஷம், சில விநாடிகள். கேட்டது.

டீ, டீ, டூ.

மெஷின் இல்லை. மனிதக் குரல். வாயைத் திறக்காமல், மூக்காலும் தொண்டையாலும் முனகுகிற குரல். கீழ் சுருதி. மூன்றாவது சுரத்தை நீட்டி, கடைசியில் கொஞ்சம் வளைத்து இறக்கி விட்டிருந்தது. அவ்வளவு துல்லியம். அவ்வளவு இதம்.

சிஸ்டர் பின்னால் தள்ளி மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார்.

"யாரு அது?" என்றாள் அக்கா. நிஜமாகவே கேட்டாள். வேறு யாராவது அறைக்குள் வந்திருந்தார்களா என்று யோசிக்கிற முகம்.

"நீதான்க்கா" என்றேன். 

"நான் பாட மாட்டேனே."

"பாடியிருக்கியே."

லோடு முடிகிறவரை மீதி இருபது நிமிஷத்தையும் கேட்டோம். மெஷின் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அப்போதும் சிஸ்டர் விடவில்லை. மெஷின் ரிப்பேர்காரரை வரவழைத்து, அதே போனை அதே ஜன்னலில் அதே துணிக்குப் பின்னால் வைத்து, என் மூன்று வாஷிங் மெஷினையும் ஓடவிட்டு, அலாரத்தைச் சோதனைக்காக அடிக்கச் சொன்னார். பதிவைப் போட்டதும் காதைப் பிளந்தது. கத்தியிருந்தால் பிடித்திருக்கும், தப்பியிருக்க வழியில்லை. ரிப்பேர்காரர் மெஷினின் முள்ளையும் பழக்கத்தில் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவர் மேல இன்னிக்குக் குத்தம் இல்ல" என்று சான்றிதழ் கொடுத்தார்.

சிஸ்டர் தியேட்டருக்குப் போன் செய்தார். "லோடு சரி. அலாரம் அடிக்கல. நான் என் காதால கேட்டேன். தைச்சு மூடச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அவள் தோள் இரண்டும் இறங்கியது, மத்தியானம் முழுக்கச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தது போல. அழவில்லை. "சிஸ்டர், ஒரு பிஸ்கட் சாப்பிடவா?" என்று கேட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

"சாப்பிடு" என்றார் சிஸ்டர். "இனிமே அந்த ஜன்னல்ல போன் இருக்கக் கூடாது. சத்தம் வேணும்னா என்கிட்ட எழுதிக் குடு, லோடு இல்லாத நேரமாப் பாத்து நான் சொல்றேன். அப்புறம் இன்னொண்ணு. இருபது வருஷத்துல சந்தேகம்னு ஒரு லோடைத் தானே திருப்பிக் கேட்டவங்க நீ ஒருத்திதான். மத்தவங்களுக்குச் சந்தேகமே வரலையா, வந்தும் பேசாம இருந்தாங்களான்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வராது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ போய்த் துணி மடி. தரை ஒதுங்கியே இருக்கு, தாராளமா நடந்து போகலாம்."

மறுநாள் காலையில் பெரியவருக்குக் காகிதச் சுருள் வந்துவிட்டது. ஒரு வாரம் கிடைக்காதது எப்படி ஒரே ராத்திரியில் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி ஒரு தடவை திறந்து மூடியதோடு சரி, அந்த வாரம் முழுக்க அக்கா லேப்டாப்பைத் திறக்கவில்லை. துணி தேய்க்கும் மேஜையில் துணி தேய்த்தாள். மாமா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்கா பேசாம இருக்கா. மின்விசிறி பாட்டுக்குச் சுத்துது. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, வந்து பாரு."

சாயங்காலம் போனேன். அக்கா தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டியாக்கா?"

"அந்த அலாரத்தைப் பாட்டுலேருந்து எடுத்துட்டேன். மெஷின் கூப்பிட்டா அது மெஷினா மட்டும்தான் இருக்கணும். அதை வெச்சு விளையாடினது என் தப்பு. ஆனா எடுத்தப்புறம் பாட்டுக்குத் தலையே இல்ல. முண்டமா நிக்குது."

"அந்த எடத்துல உன் குரலைப் போடேன்."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எனக்குக் குரல் எங்கடி இருக்கு?"

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. முப்பத்தேழு வருஷமாக உள்ளே கிடந்ததை அந்த இடத்திலேயே கொட்டிவிட்டேன். டீச்சர் சொன்னதை நான் நடித்துக் காட்டியது, தகரத்தை இழுத்தது, விருந்தாளி வந்தால் கேட்டு வாங்கிக்கொண்டது எல்லாம். உன் குரலை ஒளித்து வைத்தது டீச்சர் இல்லை, நான்தான், என்னை மன்னித்துவிடு என்று அழுதேவிட்டேன். மாமா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார், எங்கள் பேச்சு தன் காதில் விழவில்லை என்று காட்டுவதற்காக.

அக்கா நான் முடிக்கிறவரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள், "தெரியும்டி. நல்லா ஞாபகம் இருக்கு. என்னை மாதிரி பாடிக் காட்டுவியே, அதுலயும் மூணாவது சுரம் தப்பு."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவளும் சிரித்தாள். முப்பத்தேழு வருஷத்தில் அந்தக் கதைக்கு அவள் சிரித்தது அன்றுதான்.

லாரி டிரைவர் பதினோராவது நாள் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. போகிற வழியில் என் சலவை அறை வாசலில் நின்று, படுக்கை விரிப்பில் கஞ்சி அதிகம், முதுகு அரிக்கிறது என்று என்னிடம் சண்டை போட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. போடுங்கள், இன்னும் போடுங்கள் என்று நின்று கேட்டேன். அக்கா ஜன்னலில் நாலு விரல் இடைவெளி வழியாக அவர் நடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஏழு மணிக்கு மாமா தானாகவே எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். அக்கா ஹெட்போனை என் தலையில் மாட்டி, காது தெரியாமல் இழுத்துவிட்டாள். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். "ஃப்ரிட்ஜ் மாதிரி இருந்தா சொல்லிடு" என்றாள்.

முதலில் பெரியவரின் பெருமூச்சு. டேப் கிழிந்து கிழிந்து தாளமாகியது. அடியில் கிண்ணத்து மணி ஒன்று ஆழமாக உருண்டது. தூரத்தில் ஒரு சக்கரம். பிறகு எல்லாம் நின்று, ஒரு இடம் காலியாக விடப்பட்டது. அந்தக் காலி இடத்தில் அவள் குரல் வந்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. இந்தத் தடவை தெரியாமல் முனகியது இல்லை. வாயைத் திறந்து, பயந்து பயந்து, வேண்டுமென்றே பாடியது.

என் முகத்தில் என்ன தெரிகிறது என்று அக்கா தேடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயை மூடிக்கொண்டு, முடிகிறவரைக்கும் கேட்டேன்.